ஆன்டிபயாடிக் சாப்பிடும் நாட்களில் வயிற்றுக்கு எது: பிங்க் சிரப்பா, கேஸ் மாத்திரையா, எதுவுமே வேண்டாமா?

பெரியம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று. மருத்துவர் சிப்ரோஃப்ளாக்சசின் 500 எழுதியிருந்தார், காலை ஒன்று, இரவு ஒன்று. மூன்று நாள் போயும் எரிச்சல் குறையவில்லை. "மருந்து கேக்கலடா, வேற பவரா எழுதித் தரச் சொல்லு" என்று போன் வந்தது. நேரில் போய்ப் பார்த்தேன். மாத்திரை அட்டைக்குப் பக்கத்திலேயே வயிற்று அமிலத்துக்குக் குடிக்கும் பிங்க் சிரப் பாட்டில் நின்றது. "மாத்திரை சூடு இல்லையா, வயித்தப் புண்ணாக்கிடும். அதான் போட்ட கையோட ரெண்டு மூடி குடிச்சிடுவேன்" என்றார். வேளை தவறவில்லை, அளவு தவறவில்லை. ஆனால் மாத்திரையில் பெரும்பகுதி ரத்தத்துக்கே போயிருக்காது.

மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவன் நான். ஆன்டிபயாடிக் வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் "கூட வயித்துக்கு ஒண்ணு குடுங்க" என்று கேட்காமல் போவதில்லை. அந்த 'ஒண்ணு' எது என்பதை யாரும் யோசிப்பதில்லை, பல சமயம் கொடுக்கிற நாங்களும்தான். வயிற்று அமிலத்துக்கு என்று நாம் வாங்குபவை ஒரே இனம் அல்ல. சில மருந்துகள் ஆன்டிபயாடிக்கை வயிற்றுக்குள்ளேயே பிடித்துக் கட்டிப்போடும். சில, வயிற்றின் தன்மையையே மாற்றிவிடும். முதல் வகையில் நேர இடைவெளி விட்டால் தப்பிக்கலாம். இரண்டாம் வகையில் இடைவெளி விட்டும் பயன் இல்லை. இந்த வித்தியாசம் தெரிந்தால் பாதி முடிவு எடுத்தாயிற்று.

பிங்க் சிரப்பும் சப்பும் மாத்திரையும்

டைஜீன், ஜெலூசில் போன்றவை ஆன்டாசிட் வகை. உள்ளே இருப்பது முக்கியமாக அலுமினியம், மெக்னீசியம் உப்புகள். சில சப்பும் மாத்திரைகளில் கால்சியம் கார்பனேட் இருக்கும். சுரந்துவிட்ட அமிலத்தை அங்கேயே முறிப்பதுதான் இவற்றின் வேலை. ஐந்து பத்து நிமிடத்தில் நெஞ்செரிச்சல் அடங்கும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் வேகம் தீர்ந்துவிடும். விலை குறைவு, சீட்டு வேண்டாம். எப்போதாவது புளித்த ஏப்பம் வருகிறவருக்கு இதைவிடச் சௌகரியமானது வேறில்லை.

சிக்கல் அந்த உலோகங்களில் இருக்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின், நார்ஃப்ளாக்சசின் என்று 'ஃப்ளாக்சசின்' என முடியும் மருந்துகளும், டாக்சிசைக்ளின் போன்ற டெட்ராசைக்ளின் குடும்பமும் அலுமினியம், மெக்னீசியம், கால்சியம், இரும்பு, துத்தநாகம் ஆகியவற்றைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகு அந்தக் கட்டி குடல் சுவரைத் தாண்டாது, மலத்தோடு போய்விடும். சிப்ரோஃப்ளாக்சசினோடு சேர்த்து ஆன்டாசிட் குடித்தால் உடலுக்குக் கிடைக்கும் அளவு 90 சதவீதம் வரைகூடக் குறையும். அதாவது 500 மி.கி. விழுங்கியவருக்கு 50 மி.கி. அளவுக்குத்தான் பலன். கிருமி சாகாது. அரைகுறை மருந்தில் தப்பிப் பிழைத்த கிருமிக்கு அடுத்த முறை அதே மருந்து பழகியும் போகலாம்.

சரி, அப்படியானால் சிரப்பே கூடாதா? கூடும், நேரம் பார்த்து. சிப்ரோஃப்ளாக்சசினுக்கு உள்ள விதி, ஆன்டாசிட்டுக்கு 2 மணி நேரம் முன்னால் சாப்பிட வேண்டும், அல்லது ஆன்டாசிட் குடித்து 6 மணி நேரம் கழித்துச் சாப்பிட வேண்டும். காலை 8, இரவு 8 என்று மாத்திரை போடுகிறவருக்கு இதைக் கணக்குப் போட்டால், பகலில் 10 மணியிலிருந்து 2 மணி வரை ஒரு ஜன்னல் திறக்கும், இரவில் 10 மணிக்கு மேல் இன்னொன்று. மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு முறை, படுக்கும்போது ஒரு முறை குடிக்கலாம். காலை டிபனுக்குப் பிறகும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் கிடையாது. லீவோஃப்ளாக்சசின் என்றால் இன்னும் சுலபம். பெரும்பாலும் நாளுக்கு ஒரு வேளைதான், முன்னும் பின்னும் 2 மணி நேரம் விட்டால் போதும். டாக்சிசைக்ளினுக்குக் குறைந்தது இரண்டு மூன்று மணி நேரமாவது விலக வேண்டும்.

இதே கணக்கில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஆன்டிபயாடிக்கோடு 'சத்துக்கு' என்று ஒரு பி-காம்ப்ளெக்ஸ் எழுதுவது நம் ஊர் வழக்கம். அட்டையின் பின்பக்கம் பாருங்கள், பலவற்றில் துத்தநாகமும் சேர்ந்திருக்கும். கர்ப்பிணிகளும் ரத்தசோகை உள்ளவர்களும் இரும்பு மாத்திரை சாப்பிடுவார்கள், வயதானவர்கள் கால்சியம் சாப்பிடுவார்கள். இவையும் பிங்க் சிரப் செய்கிற வேலையைத்தான் செய்யும். ஒரு வாரம் சத்து மாத்திரையை நிறுத்தி வைத்தால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. மருத்துவர் வேறு காரணத்துக்காகக் கொடுத்திருந்தால் மட்டும் கேட்டுக்கொண்டு நேரத்தை மாற்றுங்கள். சிப்ரோஃப்ளாக்சசினை வெறும் பாலோடு விழுங்குவதும் தப்பு. முழுச் சாப்பாட்டில் கொஞ்சம் மோர் இருந்தால் பயப்பட வேண்டாம்.

டாக்சிசைக்ளினை நான் தனியாகச் சொல்ல நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. எலிக்காய்ச்சலுக்கும், உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைஃபஸுக்கும் தமிழ்நாட்டில் அதிகம் கொடுக்கப்படும் மருந்து அது. ஸ்க்ரப் டைஃபஸ் முற்றினால் உயிருக்கே ஆபத்து. இந்த மாத்திரையை ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கிவிட்டுப் படுத்தால் அது உணவுக்குழாயில் எங்காவது ஒட்டிக்கொண்டு அங்கேயே கரைந்து புண்ணாக்கும். விடியும்போது நெஞ்சு எரியும், எச்சில் விழுங்கினாலும் வலிக்கும். உடனே வீட்டில் என்ன செய்வார்கள்? கேஸ் என்று நினைத்து சிரப்பை ஊற்றுவார்கள். அடுத்த வேளை மாத்திரையோடும் ஊற்றுவார்கள். பக்கவிளைவுக்கு எடுத்த வைத்தியம் மூல மருந்தைக் கொன்றுவிடும், காய்ச்சல் நின்றபாடிருக்காது. இதற்குத் தீர்வு ஒரு பெரிய டம்ளர் தண்ணீர். நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். சாப்பாட்டோடு சேர்த்தும் போடலாம். ராத்திரி படுக்கப் போகும் முன் என்ற நேரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

சுக்ரால்ஃபேட் சிரப்பையும் இந்தக் கூட்டத்தில்தான் சேர்க்க வேண்டும். அல்சருக்கு மேல் பூச்சு போல் படிகிற மருந்து அது, அதற்குள்ளும் அலுமினியம்தான். நாளுக்கு நான்கு வேளை குடிக்கச் சொன்னால் சிப்ரோஃப்ளாக்சசினுக்கு இடமே மிஞ்சாது. அப்போது நேரத்தோடு மல்லுக்கட்டாமல் இரண்டில் ஒன்றை மாற்றித் தரச் சொல்லி மருத்துவரிடமே கேட்பது நல்லது.

ஈனோ மாதிரி பொங்கும் உப்பு வேறு கதை. சோடியம் பைகார்பனேட்டும் சிட்ரிக் அமிலமும்தான் அடிப்படை, ஆன்டிபயாடிக்கைப் பிடித்துக் கட்டும் உலோகம் அதில் இல்லை. ஆனால் சோடியம் ஏராளம், ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் தினமும் குடிக்கக் கூடாது. சிப்ரோஃப்ளாக்சசின் சாப்பிடும்போது சிறுநீர் காரமாகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள், மருந்து படிகமாகச் சேரக்கூடும் என்பதால். அந்த வகையிலும் பைகார்பனேட் பொருத்தமில்லை.

கேஸ் மாத்திரை: ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல், ரேபிப்ரசோல்

'ப்ரசோல்' என முடியும் இந்த வகைக்கு பிபிஐ என்று பெயர். அமிலம் சுரக்கும் பம்ப்பையே இவை அடைத்துவிடுகின்றன. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட்டால்தான் ஒழுங்காக வேலை செய்யும். சாப்பிட்ட பிறகு ஏப்பம் வந்ததும் ஒன்று போட்டுக்கொள்வது காசுக்குக் கேடு. முழு வேகம் வர மூன்று நாலு நாள் ஆகும். மூன்று நாள் அசித்ரோமைசினுக்குத் துணையாக இதைத் தொடங்கினால், துணை முழுசாக வந்து சேரும்போது ஆன்டிபயாடிக் தீர்ந்திருக்கும்.

ஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் சாப்பிடுகிறவருக்கு அமில மருந்து உண்மையிலேயே அவசியம் என்றால் ஆன்டாசிட்டைவிட பிபிஐ மேல். உலோகம் இல்லை, கட்டிப்போடாது, மணி பார்க்க வேண்டியதில்லை. தினமும் நெஞ்செரிச்சல் உள்ளவருக்குச் சிப்ரோஃப்ளாக்சசின் எழுதும்போது நான் பார்க்கிற நியாயமான கூட்டணி இதுதான்.

ஆனால் ஆன்டிபயாடிக் செஃபுராக்சிம் அல்லது செஃப்போடாக்சிம் என்றால் கதை தலைகீழ். சளி, தொண்டை, காது, சைனஸ் தொற்றுக்கு இவை நிறையவே எழுதப்படுகின்றன. மாத்திரையாக வருபவை செஃபுராக்சிம் ஆக்செட்டில், செஃப்போடாக்சிம் ப்ராக்செட்டில். வயிற்றில் அமிலம் இருந்தால்தான் நன்றாகக் கரைந்து உள்ளே போகும். அமிலம் குறைந்தால் உறிஞ்சப்படும் அளவும் குறையும். செஃப்போடாக்சிம்மோடு அதிக அளவு ஆன்டாசிட்டோ, ஃபாமோடிடின் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரையோ சேரும்போது உடலுக்குக் கிடைக்கும் மொத்த அளவு ஏறக்குறைய 30 சதவீதம் சரிகிறது. சிப்ரோஃப்ளாக்சசின் கதை அளவுக்கு மோசமில்லை. ஆனாலும் மூன்றில் ஒரு பங்கை வீணாக்க யாருக்கு மனசு வரும்?

இங்கே நேர இடைவெளி என்ற தந்திரம் ஆன்டாசிட்டுக்கு மட்டும்தான் பலிக்கும். செஃபுராக்சிமைச் சிரப்புக்கு 1 மணி நேரம் முன்போ 2 மணி நேரம் பின்போ போட்டால் சரியாகிவிடும். பான்டோப்ரசோல் அப்படி அல்ல. காலையில் போட்டால் அன்று முழுக்க, அடுத்த நாள் வரை கூட, வயிறு அமிலம் குறைந்தே இருக்கும். எத்தனை மணி நேரம் தள்ளிப் போட்டாலும் செஃபுராக்சிம் இறங்குவது அதே வயிற்றில்தான். ஆகவே இந்த இரண்டு ஆன்டிபயாடிக்குக்கும் பிங்க் சிரப், இடைவெளி விட்டுக் குடித்தால், கேஸ் மாத்திரையைவிடச் சிறந்த தேர்வு. மேலே சொன்னதற்கு நேர் எதிர் தீர்ப்பு. "எல்லாத்துக்கும் ஒரு பான் 40" என்பது எனக்குப் பிடிக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். இவை இரண்டையும் சாப்பாட்டோடு போடச் சொல்வதும் வயிற்றைக் காக்க மட்டும் அல்ல. செஃபுராக்சிம் வெறும் வயிற்றில் 37 சதவீதம் அளவுக்கு உள்ளே போகும், சாப்பிட்ட பின் 52 சதவீதம் வரை போகும்.

ஏற்கெனவே பிபிஐ சாப்பிடுகிறவர் என்ன செய்வது? இதில் அவசரப்படக் கூடாது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் சாப்பிடுகிறவர்களுக்கும், அல்சரில் ரத்தம் கசிந்தவர்களுக்கும் பிபிஐ வெறும் கேஸ் மாத்திரை இல்லை, ரத்தக்கசிவுக்குப் போட்ட வேலி. அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். அந்த இடத்தில் மாற வேண்டியது ஆன்டிபயாடிக். அமிலம் குறைந்தாலும் பாதிப்பில்லாத அமாக்சிசிலின், அமாக்சிசிலின்-க்ளாவுலனேட், செஃபிக்சிம் போன்றவற்றில் நோய்க்குப் பொருந்துவது எது என்று மருத்துவர் பார்ப்பார். பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

பிபிஐ வகைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வயிற்று அமிலம், வாய் வழியாகப் போகும் கிருமிகளைத் தடுக்கும் காவலாளி. பிபிஐ அந்தக் காவலைத் தளர்த்திவிடும். ஆன்டிபயாடிக் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளையும் அழிக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கிருமி குடலில் வளர்ந்து வயிற்றுப்போக்கு வர வழி கிடைக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012-ல் பிபிஐக்கும் இந்த வயிற்றுப்போக்குக்கும் உள்ள தொடர்பு பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. வயதானவர்கள், மருத்துவமனையில் படுத்து எழுந்தவர்களுக்குத்தான் ஆபத்து கூடுதல். ஆன்டிபயாடிக் சாப்பிடும்போதோ, முடித்துச் சில வாரங்களுக்குள்ளோ நீர் நீராக நாளுக்கு மூன்று முறைக்கு மேல் போனால், அதோடு காய்ச்சலோ வயிற்று வலியோ ரத்தமோ இருந்தால், பேதி நிறுத்தும் மாத்திரை வாங்க எங்களிடம் வராதீர்கள், நேரே மருத்துவரிடம் போங்கள்.

'டி' சேர்ந்து வரும் கேஸ் மாத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த 'டி' டாம்பெரிடோன், வாந்தியை அடக்கும் மருந்து. இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைக் கொஞ்சம் நீட்டும் குணம் அதற்கு உண்டு. கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குகளும் அதே குணம் உள்ளவை, போதாததற்கு டாம்பெரிடோன் உடலிலிருந்து வெளியேறுவதையும் தடுத்துவிடும். ஆபத்தான துடிப்புக் கோளாறு வரலாம் என்பதால் இந்தச் சேர்க்கையைக் கூடாது என்றே ஐரோப்பாவில் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் 'பான் டி' என்று வாய்ப்பழக்கமாகக் கேட்டு வாங்குகிறார்கள், கேட்டவுடன் எடுத்தும் கொடுக்கிறார்கள். கேஸ் மாத்திரை அவசியமென்றால் 'டி' இல்லாததை வாங்குங்கள்.

நடுவில் ஃபாமோடிடின்

இதுவும் அமிலம் சுரப்பதைக் குறைக்கும் மருந்துதான், ஹெச்2 வகை. ஒரு மணி நேரத்துக்குள் வேலை தொடங்கி பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தாங்கும். உலோகம் இல்லாததால் ஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளினோடு சண்டையில்லை. செஃபுராக்சிம், செஃப்போடாக்சிமுக்கு இதுவும் ஆகாது. இரண்டு மூன்று நாள் தேவைக்கு பிபிஐயைவிட இது எனக்கு உசத்தி. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு மட்டும் அளவைக் குறைக்க வேண்டும். ரானிடிடினும் இதே வகைதான். புற்றுநோய் வரவழைக்கக்கூடும் எனக் கருதப்படும் என்டிஎம்ஏ என்ற மாசு இருந்ததால் அமெரிக்காவில் 2020-ல் திரும்பப் பெறப்பட்டது, இந்தியாவின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் 2022-ல் எடுக்கப்பட்டது. இன்னும் கடைகளில் கிடைக்கிறது, பழக்கத்தில் கேட்கிறார்கள்.

எதுவுமே இல்லாமல்

ஆன்டிபயாடிக் 'சூடு', வயிற்றைப் புண்ணாக்கும் என்ற நம்பிக்கை ஆழமாக ஊறிப்போனது. ஆனால் ஆன்டிபயாடிக் தரும் வயிற்றுத் தொல்லையில் பெரும்பகுதிக்கு அமிலம் காரணமே இல்லை. எரித்ரோமைசினும் அசித்ரோமைசினும் குடலை வேகமாக அசைப்பதால் வயிறு பிசைகிறது. க்ளாவுலனேட் சேர்ந்த அமாக்சிசிலின் பேதியாக்குகிறது. மெட்ரோனிடசோல் வாயில் உலோகச் சுவையும் குமட்டலும் தருகிறது. இதற்கெல்லாம் பான்டோப்ரசோல் என்ன செய்யும்? இட்லியோ, ரசம் சாதமோ நாலு வாய் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடுவது அதைவிட உதவும். அமாக்சிசிலின்-க்ளாவுலனேட்டைச் சாப்பாடு ஆரம்பிக்கும்போது போட்டால் குமட்டல் குறையும், மருந்தும் நன்றாக ஏறும்.

சீட்டில் கேஸ் மாத்திரை நியாயமாகச் சேர்வது வலி மாத்திரைக்காக. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் போன்றவைதான் வயிற்றை உண்மையில் புண்ணாக்குபவை. 65 வயதைத் தாண்டியவர், பழைய அல்சர் உள்ளவர், ரத்தம் இளக்கும் மருந்தோ ஸ்டீராய்டோ சாப்பிடுபவர் என்றால் அவசியமே. ஆரோக்கியமான முப்பது வயதுக்காரர் ஐந்து நாள் அமாக்சிசிலின் சாப்பிட இது வேண்டாம்.

அமில மருந்தும் ஆன்டிபயாடிக்கும் வேண்டுமென்றே சேர்க்கப்படும் ஒரு இடம் உண்டு. வயிற்றுப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியை ஒழிக்க பிபிஐயோடு அமாக்சிசிலின், கிளாரித்ரோமைசின் எல்லாம் ஒரே சீட்டில் வரும், பெரும்பாலும் 14 நாள். அந்தக் கிருமிதான் காரணம் என்று காட்டியதற்காக பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005-ல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்தச் சிகிச்சையில் அமிலத்தைக் குறைத்தால்தான் ஆன்டிபயாடிக் வயிற்றுக்குள் நின்று வேலை செய்யும். இதைப் படித்துவிட்டு அங்கே பிபிஐயை யாரும் கழற்றிவிட வேண்டாம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்கள் ஆன்டாசிட் தேவைப்பட்டால் மாத்திரை போட்டு ஒரு மணி நேரமாவது கழித்துக் குடிக்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் அத்தனை மாத்திரை, குமட்டும்தான். ஆனால் ஆறு மாத கோர்ஸ் அது, அரைகுறையாக விட முடியாது.

தெரியாமல் சேர்த்துக் குடித்துவிட்டால், அடுத்த வேளையை இரட்டிப்பாக்காதீர்கள். வழக்கமான நேரத்தில் ஒன்றைப் போட்டு, அதிலிருந்து இடைவெளியைச் சரி செய்யுங்கள். இரண்டு மூன்று நாள் அப்படியே ஓடியிருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அது தெரியாவிட்டால், மருந்து கேட்கவில்லை என்று நினைத்து இன்னும் பெரிய ஆன்டிபயாடிக்குக்குப் போய்விடுவார்.

பெரியம்மாவின் மருத்துவருக்கு அன்றே போன் செய்தோம். மருந்தை மாற்றவில்லை. நாட்களை மட்டும் கூட்டிச் சொல்லி, காய்ச்சலோ முதுகு வலியோ வந்தால் உடனே வரச் சொன்னார். காலண்டர் தாளின் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன்: மாத்திரை 8, 8. சிரப் மதியம் 1, ராத்திரி 10, நெஞ்சு எரிந்தால் மட்டும். மறுநாளுக்கு அடுத்த நாள் சிறுநீர் எரிச்சல் தணிந்தது. அந்த வாரம் முழுக்க அவர் சிரப் குடித்தது மூன்றே முறை. பாட்டிலைத் தூரப் போடச் சொன்னால் மட்டும் கேட்கவில்லை, மாத்திரை அட்டையிலிருந்து எட்டி, சாமி அலமாரிக்கு மேலே வைத்திருக்கிறார்.